பழைய ஜிப்பைக் கழற்றிய கதை

பாரிஸ்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? போன வாரம் போனில், "பழைய துணிக் கடையில் அப்படி என்னதான் வேலை?" என்று கேட்டாய். கடைக்கார அம்மாள் அருகில் இருந்ததால் மழுப்பிவிட்டேன். அவருக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது, ஆனாலும் கூச்சம். இப்போது விவரமாக எழுதுகிறேன். ஒரு தவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே திட்டத் தொடங்கிவிடுவாய்.

இருபது ஆண்டு தாண்டிய உடுப்பை இங்கே 'விண்டேஜ்' என்கிறார்கள். எல்லாப் பழசுக்கும் அந்த மரியாதை கிடையாது. ஷனேல், டியோர், பாலென்சியாகா, இவ் சான் லோரான் என்று சில பெரிய ஆடை நிறுவனங்களின் பெயர்களைத் தேடித்தான் சேகரிப்பவர்கள் வருகிறார்கள். பலர் வாங்கியதை உடுத்துவதே இல்லை. வந்ததும் கண்ணாடி முன் போய் நிற்பார்கள் என்று எண்ணியிருந்தேன். அவர்களோ உடுப்பை மேசையில் போட்டு உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டிவிடுகிறார்கள். புதிதாக வேலைக்கு வரும் பெண்ணின் தையலை நீ பார்ப்பாயே, அதே பார்வை. ஷனேல் ஜாக்கெட் என்றால் கீழ் ஓரத்தை விரலால் தடவுவார்கள். லைனிங்கின் விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய சங்கிலி தைத்திருக்கும். ஜாக்கெட் தூக்கிக்கொள்ளாமல் நேராக விழ அந்தக் கனம். முதல் தடவை பார்த்தபோது உன்னைத்தான் நினைத்தேன்.

லேபிளைப் பார்த்தால் போதாதா என்று ஒருநாள் கேட்டேன். அடிக்கடி வரும் பெரியவர் ஒருவர் சிரித்தார். ஒரு லேபிளைப் பிரித்து வேறு உடுப்பில் தைக்க எத்தனை நேரம் ஆகும் என்று என்னையே கேட்டார். ஐந்து நிமிடம் என்றேன். அதற்குப் பிறகு நானும் லேபிளைச் சுற்றி வேண்டாத ஊசித்துளை இருக்கிறதா, நூலுக்கும் துணிக்கும் ஒரே வயதுதானா என்று பார்க்கப் பழகிவிட்டேன். போலிகளுக்கு அஞ்சி மதலேன் வியோனே என்ற அம்மையார் 1920களில் தன் லேபிள்களில் பெருவிரல் ரேகையையே வைத்தார். துணியைக் குறுக்கு வாட்டில் வெட்டி உடம்போடு ஒட்டி வழியவிட்டவர் அவர். நீ பார்த்தால் கையை எடுக்க மாட்டாய்.

மொழிதான் இன்னும் படுத்துகிறது. இவர்களிடம் எழுபதுக்குத் தனிச் சொல் இல்லை. எழுபத்திரண்டு என்பதை 'அறுபது பன்னிரண்டு' என்கிறார்கள். அறுபது என்று காதில் விழுந்ததுமே நான் சீட்டில் எழுதி முடித்துவிட்டேன். சான் லோரான் கோட்டு ஒன்று 1960 என்ற சீட்டோடு இரண்டு நாள் தொங்கியது. சான் லோரான் என்ற அந்த வடிவமைப்பாளர் தன் பெயரில் சொந்த நிறுவனம் தொடங்கியதே 1961இல்தான். "பிறக்காத குழந்தைக்குச் சட்டை தைத்திருக்கிறார்கள்" என்றார் அதே பெரியவர். அவர் வாயிலிருந்து தப்பவே முடியாது.

சரி, தவற்றுக்கு வருகிறேன். 1950களின் கறுப்புப் பட்டு கவுன் ஒன்று வந்தது. இடுப்பின் பக்கவாட்டில் உலோக ஜிப், பாதியில் சிக்கி நின்றது. யாரும் கேட்கும் முன்பே தையலைப் பிரித்து, ஜிப்பைக் கழற்றி, புது நைலான் ஜிப் வைத்துக் கையாலேயே தைத்து முடித்தேன். எங்கே கை பட்டது என்று நீகூடக் கண்டுபிடித்திருக்க மாட்டாய். பாராட்டுக்குக் காத்திருந்தேன். கடைக்கார அம்மாள் மூக்குக்கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். பிறகு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பழையது எங்கே?" என்றார். குப்பைக்கூடையில்.

நைலான் ஜிப் பரவலாக வந்தது 1960களில். அந்த கவுனின் வயதுக்குச் சாட்சி அந்தப் பழைய உலோக ஜிப்தான். அதை எடுத்துவிட்டால் வாங்க வருகிறவருக்கு மற்ற எல்லாவற்றின் மீதும் சந்தேகம் வந்துவிடும். நல்ல வேளை, கூடையைக் கொட்டியிருக்கவில்லை. இரவு முழுக்க உட்கார்ந்து, பழைய துளைகளிலேயே ஊசியை விட்டு அதைத் திரும்பப் பொருத்தினேன். சிக்கலுக்கு மருந்து என்ன தெரியுமா? பென்சில். பற்களின் மீது அதன் கரியைத் தேய்த்ததும் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு நிமிட வேலை!

இன்னமும் கை அரிக்கிறது அம்மா. கிழிசலைக் கண்டால் மறைக்கச் சொல்லிக்கொடுத்தவள் நீ. இங்கே, "தொடாதே, மேலும் கிழியாமல் மட்டும் பார்த்துக்கொள்" என்கிறார்கள். சிலவற்றை எதுவும் செய்ய முடியாது என்பதும் உண்மை. நூறு ஆண்டுக்கு முந்தைய பட்டுகள் சிலவற்றை எடை கூட்டுவதற்காக உலோக உப்பில் ஊறவைத்திருக்கிறார்கள். அவை மடிப்பு மடிப்பாகத் தானே வெடிக்கின்றன. தைக்கப் போனால் ஊசி பட்ட இடத்தில் இன்னொரு வெடிப்பு. முழுக்க மணி கோத்த உடுப்புகளைத் தொங்கவிடவும் கூடாது, தன் கனத்திலேயே தோளில் கிழிந்துவிடும். படுக்க வைத்துத்தான் காப்பாற்றுகிறோம்.

விடுமுறை நாளில் மாரே பகுதியில் இருக்கும் அசெதீன் அலாயாவின் அறக்கட்டளைக்குப் போனேன். அவரும் பிழைக்க வந்தவர்தான். துனிஸிலிருந்து 1950களில் வந்து தையலில் தொடங்கி, பெரிய வடிவமைப்பாளர் ஆனார். 1968இல் பாலென்சியாகா தன் நிறுவனத்தை மூடியபோது, வெட்டிப் புதிதாகத் தைத்துக்கொள்ளச் சொல்லி அங்கிருந்த உடுப்புகள் சிலவற்றை இவருக்குக் கொடுத்தார்களாம். கத்தரி போட மனம் வரவில்லை. அப்படியே வைத்துக்கொண்டார். அதன் பிறகு 2017இல் இறக்கும் வரை பிறர் தைத்த உடுப்புகளை ஆயிரக்கணக்கில், பெரும்பாலும் யாருக்கும் காட்டாமலே சேர்த்திருக்கிறார். அங்கே நின்றபோது என் குப்பைக்கூடை ஞாபகம் வந்து முகம் சூடாகிவிட்டது.

நீ எனக்குத் தைத்த பச்சை கவுனைத் தம்பி மகளுக்குச் சின்னதாக்கப் போவதாகச் சொன்னாய். தாராளமாகச் செய். ஆனால் துணியை வெட்டாதே, உள்ளே மடித்துப் பெரிய தையலாகப் போடு. முதுகில் இருக்கும் அந்தத் துருப்பிடித்த ஜிப்பையும் மாற்றாதே. பென்சில் தேய்த்துப் பார்.

உன் அன்பு மகள்