95 ஒக்டேன் பெற்றோலுக்குப் பொருந்தாத டைமிங்: முறைப்பாடு

முகாமையாளர் அவர்கட்கு,
ரியூனிங் பிரிவு, கொழும்பு.

ஐயா,

உங்கள் கராஜில் ஈசீயூ (எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி) ரீமேப் செய்துதந்த, அதாவது அதன் அட்டவணைகளை மாற்றித்தந்த, மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் 9 பற்றியது இம்முறைப்பாடு. வேலைச்சீட்டில் "95 ஒக்டேன், அன்றாட ஓட்டம்" என்று உங்கள் ஊழியரே எழுதியிருக்கிறார். ஒக்டேன் எண் என்பது பெற்றோல் தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு. ஏற்றித்தந்த மேப் அந்த 95க்குரியதல்ல.

3,500 ஆர்பிஎம்மில், 1.5 பார் பூஸ்டில் (டர்போ தரும் மேலதிகக் காற்றழுத்தம்), டைமிங், அதாவது பிஸ்டன் உச்சியை எட்டுமுன் பிளக் தீப்பொறி விடும் முந்தல், 9 டிகிரி. முறுக்குவிசை உச்சத்தில் நிற்கும் அந்த இடத்தில் 95 ஒக்டேனுக்கு 3, 4 டிகிரியே போதும். தீப்பொறி அவ்வளவு முந்தினால் பிஸ்டன் மேலேறி முடிவதற்குள் அழுத்தம் எகிறுகிறது. சுவாலை எட்டாத மூலையில் இருக்கும் கலவை தானாகவே வெடிக்கிறது; இதுவே நொக். பிளக் பீங்கானில் மிளகுத்தூள் போல, பிஸ்டனிலிருந்து பெயர்ந்த அலுமினியப் புள்ளிகள் ஒட்டியிருந்தன. கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) மற்ற மூன்று சிலிண்டர்களில் 10.4 பாரை ஒட்டி இருக்க, மூன்றாம் இலக்கச் சிலிண்டரில் 8.1 மட்டுமே.

இதைவிடப் பாரதூரமானது ஒன்று உண்டு. ஈசீயூவின் ஓட்டப் பதிவான லொக்கில் நொக் எண்ணிக்கை தொடக்கம் முதல் முடிவு வரை 0. ஆனால் புளொக்கில் மைக் பொருத்தி, 85 மி.மீ. துளைக்குரிய 6.7 கிலோஹேர்ட்ஸ் அளவில் கேட்டபோது நொக் தெளிவாகக் கேட்டது. ஈசீயூவைத் திரும்ப வாசித்துப் பார்த்ததில் காரணம் தெரிந்தது: நொக் சென்சரின் உணர்திறன் குறைக்கப்பட்டிருக்கிறது, ஹை ஒக்டேன் டைமிங் அட்டவணை அப்படியே லோ ஒக்டேன் அட்டவணையிலும் பிரதி செய்யப்பட்டிருக்கிறது.

ஜப்பானில் ஹை ஒக்டேன் பெற்றோலின் தர எல்லையே குறைந்தது 96. இந்த எஞ்சின் அதற்காக அமைக்கப்பட்டது. பெற்றோல் அதற்குக் கீழே போகும்போது நொக்கைக் கேட்டு, லோ ஒக்டேன் அட்டவணையை நோக்கி இறங்கித் தன்னைக் காத்துக்கொள்ளும். அந்த வழியை நீங்கள் அடைத்துவிட்டீர்கள். டைமிங் கூடியது கணக்குப் பிழை என்று ஏற்கலாம். சென்சரின் காதை அடைத்தது பிழையல்ல, வேண்டுமென்றே செய்த வேலை.

டைனோ ஓட்டம் (எஞ்சின் வலுவை அளக்கும் சோதனை) மாலை மழைக்குப் பிறகு, குளிர்ந்த நேரத்தில் எடுக்கப்பட்டது. காலி வீதி நெரிசலில் நண்பகல் நின்றபின், டர்போக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் எப்படிச் சூடேறும் என்பது உங்களுக்குத் தெரியும். இவ்வாகனத்தின் காற்று வெப்ப சென்சர் எயார் ஃபில்டரை ஒட்டிய காற்றோட்ட மீற்றருக்குள் இருக்கிறது. இன்டர்கூலருக்குப் பிந்திய சூட்டை ஈசீயூ அறியாது. அதனால் மேப்பிலேயே பாதுகாப்பு இடைவெளி விட்டிருக்க வேண்டும்.

"ஒக்டேன் பூஸ்டர் ஊற்றுங்கள்" என்று தொலைபேசியில் சொன்னீர்கள். அப்போத்தல்களில் எழுதும் "5 புள்ளி" பெரும்பாலும் 0.5 ஒக்டேன்தான். 5 டிகிரிப் பிழையை அது மூடாது.

கோருவது: நொக் சென்சர் அமைப்பையும் லோ ஒக்டேன் அட்டவணையையும் தொழிற்சாலை நிலைக்கு மீட்டுத் தாருங்கள். பிறகு, பம்பில் வாங்கிய 95 பெற்றோலில், முறுக்குவிசை உச்சப் பகுதியை 3 டிகிரியில் தொடங்கி ஒவ்வொரு டிகிரியாகக் கூட்டுங்கள். முறுக்குவிசை கூடுவது நின்றாலோ முதல் நொக் கேட்டாலோ 2 டிகிரி பின்வாங்குங்கள். பூஸ்டில் காற்று எரிபொருள் விகிதம் 11.2 அளவில் இருக்கட்டும். பிளக் என்ஜிகே 8ஆம் இலக்கம், இடைவெளி 0.7 மி.மீ. இன்டர்கூலரை ஆறவிடாமல் தொடர்ந்து மூன்று டைனோ ஓட்டம் எடுத்து, லொக் கோப்புகளைத் திருத்தாமல் தாருங்கள். மூன்றாம் சிலிண்டரின் பிஸ்டன், ரிங் செலவும் ரீமேப் கட்டணமும் உங்கள் பொறுப்பு.

வேலைச்சீட்டு, பெற்றோல் பற்றுச்சீட்டுகள், லொக், வாசித்தெடுத்த கோப்பு ஆகியவற்றின் பிரதிகள் இணைக்கப்பட்டுள்ளன. 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் இதே ஆவணங்களுடன் முறையிடுவேன்.

இப்படிக்கு,
வாகன உரிமையாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.