செட்டுக்காரர் வயரைச் சுருட்டுவதற்கு முன்னால்

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கபடித் தம்பிகளுக்கு,

பதினெட்டு வருசம் ரெய்டு போய், முட்டி போனபிறகு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிற அண்ணன் ஒருவன் எழுதுவது.

போன மாசம் அந்த மின்னொளி ஆட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். நோட்டீஸில் முதல் பரிசு 30,000. ஃபைனல் முடியும்போது விடிகாலை நாலு மணி. ஜெயித்தவர்கள் மேல் ஒட்டிய மண் கூட உதிரவில்லை, கவரைப் பிரித்தால் 18,000. "வசூல் தேறலப்பா, மிச்சத்தைப் பொங்கலுக்குப் பாத்துக்கலாம்" என்றார் கமிட்டிக்காரர். நீங்கள் கத்தினீர்கள். யார் கேட்க? கூட்டம் கலைந்து, செட்டுக்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

கோபம் நியாயம்தான். நேரம்தான் தப்பு. ராத்திரி ஒரு மணிக்கு, ஊரே சேர் போட்டு உட்கார்ந்து செமி ஃபைனலுக்குக் காத்திருந்தபோது இதே கேள்வியைக் கேட்டிருந்தால் கதை வேறு.

அமெரிக்க பேஸ்பால்காரர்கள் இதைத்தான் செய்தார்கள். சம்பளத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று முதலாளிகள் பிடிவாதம் பிடிக்க, 1994 ஆகஸ்ட் 12-ஆம் தேதி வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஏன் ஆகஸ்ட்? சீசன் சம்பளத்தில் பெரும்பகுதி அதற்குள் கைக்கு வந்துவிடும். முதலாளிகளுக்கோ பெரிய டிவி காசு, சீசன் கடைசியில் வரும் அக்டோபர் ஆட்டங்களில்தான். அந்த வருசம் 'உலகத் தொடர்' என்கிற அவர்களுடைய ஃபைனலே நடக்கவில்லை. 232 நாள் இழுத்தது. ரசிகர்கள் இரண்டு பக்கத்தையும் திட்டினார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் உச்சவரம்பு வரவில்லை.

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் தலைகீழ். 2004-05 சீசனில் முதலாளிகளே கதவைப் பூட்டினார்கள். ஒரு ஆட்டம் கூட நடக்காமல் சீசன் முழுக்கப் போனது. கடைசியில் வீரர்கள் உச்சவரம்பையும் ஏற்று, இருந்த சம்பளத்தில் 24 சதவீத வெட்டையும் ஏற்றார்கள். கூலி இல்லாமல் யார் அதிக நாள் தாங்குவார் என்பதுதான் அங்கே கேள்வி. மில் ஸ்ட்ரைக் பார்த்த மதுரைக்காரனுக்கு இது புதுசில்லை. எங்கள் தாத்தா வீட்டில் முதலில் அடகுக் கடைக்குப் போனது அண்டாதான்.

எனக்குப் பிடித்தது ஆஸ்திரேலியக் கிரிக்கெட். 2017-இல் வாரியம் பெரிய வீரர்களுக்கு நல்ல தொகை காட்டி, தன் வருமானத்தில் வீரர்களுக்குக் கொடுத்துவந்த பங்கை உள்ளூர் வீரர்களுக்கு மட்டும் நிறுத்தப் பார்த்தது. கேப்டன் ஸ்மித்தும் துணை கேப்டன் வார்னரும் மசியவில்லை. பழைய ஒப்பந்தம் காலாவதியாகி சுமார் 230 பேர் வேலையில்லாமல் நின்றார்கள். தேசிய அணிக்கு அடுத்த நிலையில் இருக்கும் 'ஏ' அணி தென்னாப்பிரிக்கா போக மறுத்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் உடன்பாடு வந்தபோது பங்கு நிலைத்தது, பெண்களும் அதே ஒப்பந்தத்துக்குள் வந்தார்கள்.

நம்மிடம் என்ன நடக்கிறது? நல்ல ரெய்டரை மட்டும் தனியாக ஓரம் கட்டி ரெண்டாயிரம் திணித்தால், அவன் நம்ம கூடப்பிறந்தவனே என்றாலும் ஜெர்சி மாட்டிவிடுகிறான். மூணு அணி ஆட மாட்டோம் என்று உட்கார்ந்து, ஒன்று மட்டும் ஆட இறங்கினால் அங்கேயே முடிந்தது.

கமிட்டிக்காரர்களும் வில்லன்கள் இல்லை. வீடு வீடாக நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள். அதனால்தான் முன்கூட்டியே பேசச் சொல்கிறேன்: நுழைவுப் பணம் கட்டும்போதே, பரிசுத் தொகை முழுசும் செமி ஃபைனலுக்கு முன்னால் ஊர்ப் பெரியவர் ஒருவர் கையில் இருக்கும் என்று எழுதி வாங்குங்கள். வசூல் குறைந்தால் அன்றைக்கே சொல்லட்டும், தொகையைக் குறைத்துப் பேசிக்கொள்ளலாம். இல்லையென்றால் நாலு அணியும் சேர்ந்தே உட்காருங்கள்.

உட்கார்ந்தால் திரும்பி வர வேன் வாடகை வேண்டுமே. ஆட்டத்துக்கு அணிக்கு நூறு ரூபாய் என்று ஒரு பொது உண்டியல் போடுங்கள். முதல் நூறு என்னுடையது, ஞாயிற்றுக்கிழமை பிராக்டிஸுக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.