ஐம்பது பைசாவை எந்தப் பக்கம் தள்ளுவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தமிழகத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் என்ற நிரல் மொழி பாடமாக இருக்கிறது. அதைக் கற்றவர்கள் எழுதிப் பார்க்கும் நிரல்களில் கடை பில்லும் ஒன்று. பில்லின் கடைசி வரியில் சில்லறையை நீக்கித் தொகையை முழுதாக்கத் தயங்காமல் போடப்படும் 'ரவுண்ட்' கட்டளை, வரிச் சட்டம் சொல்லும் விடையை எப்போதும் தருவதில்லை. பாடம் நடத்துவோரும் சிறு கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதித் தருவோரும் இதைக் கவனிக்க வேண்டும்.

பைத்தான் 3-இல் 2.5-ஐ ரவுண்ட் செய்தால் 2 வரும், 3.5-ஐச் செய்தால் 4 வரும். இது பிழையல்ல. சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்திலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோவது என்று தெரிந்தே வைத்த விதி. 0.5, 1.5, 2.5, 3.5 நான்கையும் கூட்டினால் 8. நான்கையும் மேலே தள்ளிக் கூட்டினால் 10 ஆகிவிடும். இரட்டைப்படை விதியில் 0, 2, 2, 4 என்று 8-ஆகவே நிற்கும். புள்ளியியலுக்கு இது நல்ல விதி. ஆனால் மத்திய ஜிஎஸ்டி சட்டம் 2017-இன் 170-ஆம் பிரிவு வேறு சொல்கிறது: ஐம்பது பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு ரூபாயாக உயர்த்து, குறைந்தால் விட்டுவிடு. ஆக 42.50 ரூபாய் வரி சட்டப்படி 43, பைத்தானில் 42. 43.50 என்றால் இரண்டிலும் 44. பாதி நேரம் சரியான விடை வருவதால்தான் சோதனையில் இது தப்பிவிடுகிறது.

பைசா அளவில் வருவது இன்னொரு சிக்கல். 107 ரூபாய்ப் பொருளுக்கு 2.5 சதவீத சிஜிஎஸ்டி (ஜிஎஸ்டியில் மத்திய அரசின் பங்கு) 2.675 ரூபாய். 107-ஐ 2.5-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்து, இரண்டு தசம இடங்களுக்கு ரவுண்ட் செய்தால் பைத்தான் 2.67 தரும். அதே 107-ஐ 0.025-ஆல் பெருக்கி ரவுண்ட் செய்தால் 2.68 தரும். ஒரே வரி, ஒரே மொழி, இரண்டு விடை! பைத்தான் தசமப் புள்ளி எண்களை வைக்கும் 'ஃப்ளோட்' வகையில் எண்கள் இருமத்தில் (0, 1 மட்டும் கொண்ட முறையில்) சேமிக்கப்படுவதுதான் காரணம். மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் முழுதாக எழுத முடியாததுபோல, 2.675-ஐ இருமத்தில் முழுதாக எழுத முடியாது. முதல் வழியில் கிடைப்பது 2.67499999999999982..., பாதிக்குச் சற்றுக் கீழே. இரண்டாவது வழியில் கிடைப்பது 2.67500000000000026..., பாதிக்குச் சற்று மேலே. பைசாக்களில் .00, .25, .50, .75 நான்கு மட்டுமே இருமத்தில் பிசகாமல் அமர்பவை.

நூறால் பெருக்கி, 0.5 கூட்டி, தசமத்தை வெட்டி, நூறால் வகுக்கும் பழைய உத்தியும் இதற்கு மருந்தாகாது. 1.005-ஐ நூறால் பெருக்கினாலே 100.49999999999999 தான் வருகிறது, முடிவு 1.00 என்றே நிற்கும்.

பைத்தானில், எண்ணைத் தசமமாகவே வைத்துக்கொள்ளும் 'டெசிமல்' வகையைப் பயன்படுத்துவதே சரி. எண்ணை மேற்கோள் குறிக்குள் எழுத்துச் சரமாகக் கொடுக்க வேண்டும். மேற்கோள் இல்லாமல் 2.675 என்று கொடுத்தால் ஃப்ளோட்டின் பிசகு அப்படியே உள்ளே வந்துவிடும். பிறகு 'குவான்டைஸ்' கட்டளையால் வேண்டிய தசம இடத்துக்குக் கொண்டுவரும்போது, பாதியை மேலே தள்ளும் 'ரவுண்ட் ஹாஃப் அப்' என்ற விதியையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அங்கும் இரட்டைப்படை விதிதான். ஜாவா மொழியில் இதேபோன்ற பிக்டெசிமல் வகைக்கும் மேற்கோள் எச்சரிக்கை பொருந்தும். தரவுத்தளத்தில் தொகைக்கான நெடுவரிசை ஃப்ளோட்டாக இருந்தால் இத்தனை உழைப்பும் வீண். அதுவும் டெசிமலாக இருக்கட்டும்.

எல்லாவற்றையும் பைசாவாக, முழு எண்ணாக வைத்துக்கொள்வதும் நல்ல வழிதான். 2.5 சதவீதம் என்பது ஆயிரத்துக்கு 25; எனவே 10700 பைசாவை 25-ஆல் பெருக்கி, ஆயிரத்தில் பாதியான 500-ஐக் கூட்டி, ஆயிரத்தால் முழு எண் வகுத்தல் செய்தால் 268 பைசா. ஆனால் சரக்கு திரும்பி வந்து தொகை கழித்தலாகும்போதும் அதே 500-ஐக் கூட்டுவதால் விடை -267 ஆகிவிடும். வாங்கியபோது 2.68, திருப்பும்போது 2.67. குறியைத் தனியே எடுத்துவைத்துக் கணக்கிட்டு, கடைசியில் சேர்க்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் 'மேத் ரவுண்ட்' கட்டளையும் கழித்தல் எண்ணில் இப்படியே பிசகும்: 2.5 அங்கே 3, -2.5 வெறும் -2. எக்செல் தாளில் ரவுண்ட் சூத்திரம் 2.5-ஐ 3 ஆக்கும். அதே எக்செலின் மேக்ரோ மொழியில் ரவுண்ட் அதை 2 ஆக்கும். மொழி எதுவானாலும் விதியை நிரலில் வெளிப்படையாக எழுதுவதே பாதுகாப்பு.

பைசாவுக்கும் கீழே போவதற்கு இவ்வளவு கவலையா என்று கேட்பவர்கள் வான்கூவர் பங்குச் சந்தையைப் பார்க்கலாம். 1982 ஜனவரியில் 1000-இல் தொடங்கிய அதன் குறியீட்டை ஒவ்வொரு முறை கணக்கிடும்போதும் மூன்றாம் தசமத்துக்கு மேல் வெட்டிக்கொண்டே வந்தார்கள். 1983 நவம்பரில் குறியீடு ஏறத்தாழ 524 காட்டியது. திருத்திக் கணக்கிட்டால் 1098-ஐத் தாண்டியது.

மாணவர் பகுதியில் பைத்தான் பயிற்சி வெளியிடும்போது 42.50, 43.50, 1.005, 2.675, -2.675 ஆகிய ஐந்தையும் சோதனை எண்களாகச் சேர்க்க வேண்டுகிறேன். முதல் இரண்டை ரூபாய்க்கும் மற்ற மூன்றைப் பைசாவுக்கும் ரவுண்ட் செய்தால் 43, 44, 1.01, 2.68, -2.68 வர வேண்டும்.

இப்படிக்கு,
பில்லிங் மென்பொருள் எழுதுநர்,
ஈரோடு.