கூட்டத்துக்கு வராதவர்கள்: எங்கள் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

வேளச்சேரியில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் நலச் சங்க நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன ஞாயிறு காலை 11 மணிக்குக் கூடி, வீட்டு வேலைக்கு வருபவர்கள் முன்பக்க லிஃப்ட்டில் ஏறக் கூடாது என்று முடிவெடுத்தோம். யாரும் கத்தவில்லை. காரணம் சொன்னோம், மறுத்துப் பேசினோம், கை தூக்கினோம். நானும் தூக்கினேன்.

மறுநாள் பின்பக்க லிஃப்ட் ஓடவில்லை. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா ஐந்து மாடியும் ஏறி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல், நிலைக்கதவைப் பிடித்தபடி மூச்சு வாங்க நின்றார். "முன்பக்கம் வந்திருக்கலாமே அக்கா" என்றேன். "நீங்கல்லாம் பேசித்தானேம்மா முடிவு பண்ணீங்க" என்றார். நாம் பேசிய நேரத்தில் அவர் என் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

எது சரி, எது தவறு என்பதைப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதில் எனக்கு இன்னும் நம்பிக்கை உண்டு. சாஸ்திரம் சொல்கிறது, பெரியவர்கள் சொன்னார்கள் என்பதோடு வாயை அடைத்த ஊர் இது. யார் தெருவில் நடக்கலாம், யார் கிணற்றில் நீர் எடுக்கலாம் என்றெல்லாம் அப்படித்தான் விதித்தார்கள். "ஏன்?" என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும் என்பது சின்ன விஷயமா?

ஆனால் இந்த வழியை வகுத்த ஜெர்மன் மெய்யியலாளர் யூர்கன் ஹாபர்மாஸ் வைத்த நிபந்தனை கடுமையானது. ஒரு விதியால் பாதிக்கப்படுகிற அனைவரும் பேச்சில் கலந்துகொண்டு, அதை ஏற்கக்கூடியதாக இருந்தால்தான் அது செல்லும். அங்கே நல்ல காரணத்தைத் தவிர வேறெந்த வற்புறுத்தலும் இருக்கக் கூடாது. நம் கூட்டம் முதல் படியிலேயே தவறிவிட்டது.

சரி, வேலைக்கு வருபவர்களையும் அழைத்தோம் என்றே வைத்துக்கொள்வோம். சம்பளம் தருபவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது வாய் திறப்பார்களா? நன்றாகப் பேசத் தெரிந்தவர் பக்கமே நியாயம் சாய்ந்துவிடாதா? அப்புறம், அதே கூட்டத்தில் தெருநாய்களைப் பற்றியும் பேசினோம். நாய் எந்த நாற்காலியில் வந்து உட்காரும்? கைக்குழந்தைக்கும் இனிமேல் பிறக்கப்போகிறவர்களுக்கும் இதே நிலைதான். அவர்கள் விஷயத்தில் வாதம் போதாது, இரக்கமும் வேண்டும்.

ஆகவே தீர்மானத்தை நிறுத்தி வையுங்கள். வேலைக்கு வருபவர்களுக்குத் தோதான நேரத்தைக் கேட்டு மறுபடி கூடுவோம். முதலில் அவர்கள் தனியாகப் பேசிக்கொள்ளட்டும். சொல்ல வேண்டியதைப் பெயரில்லாமல் எழுதித் தந்தாலும் போதும். அதுவரை முன்பக்க லிஃப்ட் எல்லோருக்கும் திறந்திருக்கட்டும். பின்பக்க லிஃப்ட் இன்று காலையும் ஓடவில்லை.

இப்படிக்கு,
ஐந்தாம் மாடி உறுப்பினர்