பலகையும் ஆளும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிமாநிலத் தொழிலாளர்களோடு நாலு நாள் பழகினால் வெறுப்பு தானாகக் கரைந்துவிடும் என்கிறது சென்ற வாரம் உங்கள் இதழில் வந்த கட்டுரை. பழகிப் பார்த்தவன் சொல்கிறேன், அது அவ்வளவு சுலபமாகக் கரைகிற சரக்கு இல்லை.

திருப்பூரில் '15. வேலம்பாளையம்' என்ற பகுதியில் எனக்கு ஐந்து லைன் வீடுகள் உண்டு. 'வடமாநிலத்தவருக்கு வீடு இல்லை' என்று எழுதி வாசலில் பலகை தொங்கவிட்டவன் நான். தொலைபேசியில் இந்தி வாடை அடித்தாலே வைத்துவிடுவேன். 2019-இல் பீகார்க்காரர் ஒருவர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் அந்தப் பலகைக்கு நேர் கீழே வந்து நின்றார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. சித்திரை வெயில். உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் அட்வான்ஸும் வாங்கிவிட்டேன்.

உளவியல் படிக்கும் என் மகள், "அப்பா, உங்களைப் பற்றி 1934-லேயே எழுதிவிட்டார்கள்" என்று சிரித்தாள். ரிச்சர்ட் லாபியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஓர் இளம் சீனத் தம்பதியோடு காரில் அந்த நாட்டைச் சுற்றினார். சீனர்கள் மீது அங்கே வெறுப்பு மண்டிக்கிடந்த காலம். 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் ஏறி இறங்கினார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் இல்லை என்றார்கள். சில மாதங்கள் கழித்து அதே இடங்களுக்கு, சீனர்களுக்கு இடம் தருவீர்களா என்று கடிதம் போட்டார். பதில் எழுதியவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் முடியாது என்றார்கள். கடிதத்தைப் படிக்கும்போது மனத்தில் வருவது ஒரு கூட்டம். வாசலில் வந்து நிற்பது ஓர் ஆள். அந்தத் தம்பதி நன்றாக உடுத்தியிருந்தார்கள், கூடவே ஒரு வெள்ளைக்காரர் இருந்தார் என்பதையும் மகள் மறக்காமல் சொன்னாள்.

சரி, ஆளுக்கு இடம் கொடுத்துவிட்டேன். பலகையைக் கழற்றினேனா? இல்லை. "இவர் மற்றவர்களைப் போல இல்லை" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருவரை விதிவிலக்காக்கிவிட்டால் மற்ற அத்தனை பேரைப் பற்றிய எண்ணத்தையும் அப்படியே பத்திரமாக வைத்துக்கொள்ளலாம்.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியது நினைவிருக்கும். பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே இங்கே அனுப்பி விசாரித்தது. அந்த வாரம் ஊரிலிருந்து, என் வீட்டில் குடியிருக்கும் பீகார்க்காரரின் அம்மா அழுதுகொண்டே அவரைக் கூப்பிட்டார். மகன் என்ன பதில் சொன்னார் தெரியுமா? "எங்கள் வீட்டுக்காரர் அந்த மாதிரித் தமிழர் இல்லை" என்றாராம். இதை அவரே என்னிடம் சொன்னபோது எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

1954-இல் கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர், இரு கூட்டத்தார் சும்மா கலந்து பழகினால் போதாது, சம நிலையில் நின்று ஒரே வேலைக்குத் தோள் கொடுக்க வேண்டும் என்றார். எங்கள் ஊர் பனியன் கம்பெனிகளில் பாதி மருந்து இருக்கிறது. ஓவர்லாக் தையல் மெஷினில் அடிப்பவர் ஜார்க்கண்ட், பிளாட்லாக் மெஷினில் அடிப்பவர் தேனி. ஒருவர் கை ஓய்ந்தால் இன்னொருவருக்கு பீஸ் ரேட், அதாவது பீஸ் கணக்கில் வரும் கூலி, போச்சு. அங்கே சிரிப்பும் கிண்டலும் தானாக வருகின்றன. சம நிலைதான் இல்லை. நாற்பது வயதுக்காரரையும் 'இந்திக்காரப் பையன்' என்றுதான் சொல்கிறோம். அவர்களோ நம்மை 'பையா' என்கிறார்கள். பொடியனைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிடுகிறாரே என்று முதல் மாதம் எனக்கு முகம் சுருங்கியது. அது 'அண்ணா' என்பதற்கான இந்திச் சொல் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு தீபாவளி ஆனது.

பலகையைப் போன ஆண்டு கழற்றிவிட்டேன். உங்களிடம் ஒன்று கேட்கவே இத்தனையும் எழுதினேன். உள்ளூர்க்காரர் திருடினால் 'வாலிபர் கைது' என்று போடுகிறீர்கள். வெளியூர்க்காரர் என்றால் 'வடமாநில வாலிபர் கைது'. கட்டுரை வெளிவந்த அதே இதழில், எட்டாம் பக்கத்தில் அப்படி ஒரு தலைப்பு இருக்கிறது.

இப்படிக்கு,
லைன் வீட்டுக்காரர் ஒருவர்,
15. வேலம்பாளையம், திருப்பூர்.