பெட்டியின் மேல் ‘525 மடங்கு’ எதற்கு? தொலைநோக்கி விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொலைநோக்கி விற்கும் கடைக்காரர்களுக்கும் இணைய விற்பனையாளர்களுக்கும் வணக்கம்.

மொட்டை மாடியில் நிலாவும் சனியும் பார்க்கலாம் என்று ஆசையாக வாங்கியவர்கள் ஒரே வாரத்தில் அதைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். கோளாறு பெட்டியின் மேலேயே கொட்டை எழுத்தில் இருக்கிறது: ‘525 மடங்கு!’ அதாவது, அவ்வளவு பெரிதாக்கிக் காட்டுமாம்.

அந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. 700 மி.மீ. குவியத் தூரத்தை (லென்ஸிலிருந்து ஒளி குவியும் இடம் வரையுள்ள தூரம்) 4 மி.மீ. ஐபீஸால் (கண் வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸ்) வகுத்தால் 175. கூடவே, உருப்பெருக்கத்தை இன்னும் கூட்டும் 3 மடங்கு பார்லோ லென்ஸைச் செருகினால் 525. ஆனால் குழாயின் முன்னாலுள்ள 70 மி.மீ. விட்டமுள்ள லென்ஸ், வானம் தெளிந்த இரவிலும், 140 மடங்குக்கு மேல் தாங்காது. விட்டத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு, அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் எண்ணெய்க் கை பட்ட கண்ணாடி வழியாகப் பார்ப்பது போலத்தான். பூமி சுழல்வதால், 525 மடங்கில் எந்தக் கிரகமும் அரை நிமிடத்துக்குள் பார்வையை விட்டு நழுவிவிடும். ஆடுகிற மெல்லிய அலுமினியக் கால்களை வைத்துக்கொண்டு அதை மறுபடி பிடிப்பது அனுபவசாலிக்கே சிரமம்.

எனவே பெட்டியில், ஒளியைச் சேர்க்கும் முன் லென்ஸ் அல்லது குழி ஆடியின் விட்டத்தைப் பெரிதாகப் போடுங்கள். குவியத் தூரத்தை அதன் பக்கத்தில் போடுங்கள். 4 மி.மீ. ஐபீஸையும் பார்லோவையும் எடுத்துவிட்டு, 25 மி.மீ., 10 மி.மீ. என்று நல்லதாக இரண்டு ஐபீஸ் கொடுங்கள். அதே 700 மி.மீ. குழாயில் முதலாவது 28 மடங்கு தரும்: முழு நிலா, கார்த்திகைக் கூட்டம், வியாழனின் நான்கு நிலாக்கள். இரண்டாவது தரும் 70 மடங்கில் சனியின் வளையம் தெளிவாகத் தெரியும்.

“எது சுலபம்?” என்று கேட்பவரிடம் ஈக்வடோரியல் ஸ்டாண்டை (பூமியின் சுழற்சிக்கு ஈடாகத் திருப்பும்படி சாய்ந்த அச்சுள்ள தாங்கி) தள்ளிவிடாதீர்கள். அதன் அச்சை ஊரின் அட்சரேகை அளவுக்குச் சாய்க்க வேண்டும்: சென்னையில் 13 டிகிரி, கன்னியாகுமரியில் 8. அவ்வளவு தாழ்த்தினால் சிறிய ஸ்டாண்டுகள் பலவற்றில் எதிர் எடைக் கம்பி முக்காலியில் இடிக்கும். அந்த அச்சு நேர்பார்க்க வேண்டிய துருவ நட்சத்திரமோ பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும்.

அவருக்கு டாப்சோனியனைக் காட்டுங்கள்: எளிய சுழல்பெட்டியில் உட்காரும் ஆடித் தொலைநோக்கி அது. மேலே கீழே, இடம் வலம், அவ்வளவுதான் அசைவு. அதைப் பரப்பிய ஜான் டாப்சன் சான் பிரான்சிஸ்கோ வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தவர். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கட்டும் என்றுதான் அத்தனை எளிமை. ஆடியின் விட்டம் 6 அங்குலம் என்றால் சுமார் 15 கிலோ. லிப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு 130 மி.மீ. மேசை டாப்சோனியன் போதும். ஆனால் அது கனமான மர ஸ்டூலில் உட்கார வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தால் படம் நடுங்கிக்கொண்டே இருக்கும். விற்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

பெட்டிக்குள் தமிழில் ஒரே ஒரு தாள் வையுங்கள்; கீழே உள்ளவை அதில் இருக்கட்டும். பாதி புகார் குறையும்.

முன்மூடியிலுள்ள சின்ன மூடியை மட்டும் கழற்றினால் போதாது, முழு மூடியையும் எடுக்க வேண்டும். படம் தலைகீழாகத் தெரிவது பழுதல்ல. ஃபைண்டரை (குறி பார்க்கக் குழாயின் மேலுள்ள சிறு கருவி) பகலிலேயே சரிசெய்ய வேண்டும்: 25 மி.மீ. ஐபீஸில், சூரியன் இல்லாத திசையில் அரை கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள செல்போன் கோபுர உச்சியை நடுவில் கொண்டுவந்து, குழாயை அசைக்காமல், ஃபைண்டர் திருகுகளால் அதே உச்சியை அதன் நடுவுக்கும் கொண்டுவர வேண்டும். இதைச் செய்யாதவர் இரவில் நிலாவைத் தவிர வேறு எதையும் பிடிக்கமாட்டார். பார்ப்பதற்கு அரை மணி முன்பே குழாயை வெளியே வைக்க வேண்டும்; வெயில் குடித்த சிமென்ட் தளம் முன்னிரவில் அனல் விடுவதால், படம் கொதிப்பது போலிருந்தால் ஒன்பது மணிக்கு மேல் பார்க்கச் சொல்லுங்கள். லென்ஸிலோ ஆடியிலோ தூசி தெரிந்தால் துணியால் துடைக்கவே கூடாது. ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு மூடி வைக்க வேண்டும்.

பெட்டியிலுள்ள வண்ண நெபுலா (விண்வெளி வாயு மேகம்) படங்களும் வேண்டாம். ஓரியன் நெபுலா கண்ணுக்குச் சாம்பல் புகையாகத்தான் தெரியும். அழகுதான், ஆனால் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதில் மட்டும் பேரமில்லை. ஐபீஸில் திருகும் ‘சன் ஃபில்டர்’ இருப்பில் இருந்தால் இன்றே எடுத்து உடைத்துப் போடுங்கள். ஒளி குவியும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் அது சூட்டில் விரிசல் விடும். அந்த நொடியில் பார்ப்பவரின் விழித்திரை வெந்துவிடும். சூரியனுக்கென்று குழாயின் முன்வாயை முழுதாக மூடும் வடிகட்டி தனியாக இருக்கிறது. கேட்பவருக்கு அதை மட்டும் கொடுங்கள்.

இப்படிக்கு,
மொட்டை மாடி வான்நோக்கர்கள்