டிரம்மை நிறைத்து வைத்த தம்பிக்கும் எங்கள் சந்துக்கும் நன்றி

தாராவி க்ராஸ் ரோடு பக்கத்தில் இருக்கும் எங்கள் சந்துக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் ஆச்சியும் என் சின்ன மகளும் நல்லபடியாக இருக்கிறார்கள். ஆச்சி இன்று காலையில் வழக்கம்போல வாசல்படியில் உட்கார்ந்து காப்பி குடித்தாள். சின்னவள் அந்தேரி, கோரேகாவ், மலாட், காந்திவலி என்று தான் பார்த்த ஸ்டேஷன்களின் பெயரை வரிசையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். எனக்குத்தான் ரயில் சத்தம் கேட்டால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது. கோயம்புத்தூர் திரும்பிவிட்டால் பள்ளிக்கூடம் திறப்பு, நோட்டு, யூனிபார்ம் என்று நாள் ஓடிவிடும், நன்றி சொல்வது தள்ளிக்கொண்டே போகும். அதனால் இப்போதே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நடந்ததை மறுபடி விவரிக்கவில்லை. சந்தில் எல்லோருக்கும் மனப்பாடம். தாதர் ஸ்டேஷன், சாயங்காலக் கூட்டம், மாஹிமில் நிற்காத விரார் வேக வண்டி என்று சொன்னாலே மும்பைக்காரர்களுக்கு மீதி புரிந்துவிடும். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வரி: மாஹிமில் இறங்க வேண்டிய ஆச்சியும் சின்னவளும் அந்தக் கூட்டத்தில் அந்த வண்டியில் ஏறி, காணாமல் போய்விட்டார்கள்.

முதலில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெரிய கும்பிடு. பைக்கை எடுத்துக்கொண்டு மாஹிம், பாந்த்ரா, சயான் என்று ஆளுக்கொரு ஸ்டேஷனாகப் பறந்த பையன்களுக்கு. ரயில்வே உதவி எண் 139-க்கு விடாமல் போன் அடித்துக்கொண்டிருந்த என் சித்தப்பா மகனின் சிநேகிதர்களுக்கு. கோயில் மைக்கில் ஆச்சியின் சேலை நிறத்தைச் சொல்லி அறிவித்தவருக்கு. என் மூத்தவனைப் பிடித்து உட்காரவைத்து, அழ விடாமல் சேமியாப் பாயசம் ஊட்டிய எதிர்வீட்டுச் சாச்சிக்கு. போரிவலியில் என் மகளைத் தூக்கி மேஜைமேல் உட்காரவைத்துத் தன் தொப்பியைப் போட்டுவிட்ட ரயில்வே போலீஸ் அம்மாவுக்கு. மாஹிமிலிருந்து காசு வாங்காமல் கொண்டுவந்து விட்ட ஆட்டோ அண்ணனுக்கு.

அந்த வண்டியின் லேடீஸ் பெட்டியில் கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டே வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த வசாய் பக்கத்து அக்காக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆச்சியை உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, போரிவலியில் கையைப் பிடித்து இறக்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கூடவே இறங்கி, போலீஸ் அம்மாவிடம் ஒப்படைக்கும்வரை நின்றாராம். அந்த நேரத்தில் ஏறி உட்கார்ந்த விரார் வண்டியை விட்டு இறங்குவது என்றால் என்ன என்று அந்த லைனில் தினமும் போகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அக்கா, உங்கள் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. ஆச்சியும் சும்மா வரவில்லை. போரிவலி வருவதற்குள் பாதிக் கொத்தவரங்காயை அவள்தான் நார் எடுத்துக் கொடுத்தாளாம். சின்னவள் சொல்கிறாள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். எங்கள் எதிர்வீட்டு மாடியில் தோல் பை தைக்கிற பட்டறை இருக்கிறது இல்லையா, அங்கே வேலை பார்க்கிற பீகார் தம்பியைப் பற்றி. அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. யாராவது இதை அவனுக்கு இந்தியில் சொல்லிக் காட்டுங்கள். விட்டுவிட்டுச் சொல்லாமல் முழுதாகச் சொல்லுங்கள்.

அவன் செய்தது என்னவென்று புரிய வேண்டுமானால் எங்கள் சந்துத் தண்ணீரைப் பற்றித் தெரிய வேண்டும். இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதைக் கோயம்புத்தூரில் இருந்து வாசிக்கப் போகிற என் மாமியார் வீட்டு ஆட்களுக்காகச் சொல்கிறேன். நாம் அங்கே சிறுவாணித் தண்ணீரைத் தொட்டியில் ஏற்றிவைத்து, வேண்டும்போது குழாயைத் திறக்கிறோம். இங்கே மாலை ஐந்தரைக்குத் தண்ணீர் வரும், ஏழரைக்கு நின்றுவிடும். முதல் வீட்டில் "பாணி ஆலா!" (தண்ணீர் வந்தாச்சு) என்று குரல் கேட்டதும் அத்தனை பேரும் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். குழாயில் டியூபை மாட்டி, மோரியில், அதாவது வீட்டுக்குள் கழுவுகிற மூலையில், இருக்கும் டிரம், அப்புறம் ஹண்டா என்கிற பெரிய பாத்திரம், அப்புறம் குடம் என்று பிடித்து வைக்க வேண்டும். விட்டால் மறுநாள் மாலைவரை சமையலும் குளியலும் அடுத்த வீட்டுக்காரர்களின் தயவில்தான்.

அதிலும் இது மே மாதம். மும்பைக்குத் தண்ணீர் தருகிற ஏழு ஏரிகளில் விஹாரும் துளசியும்தான் ஊருக்குள்ளே இருக்கின்றன. பாத்சா, தான்சா, வைதர்ணா எல்லாம் தாணேயையும் தாண்டி எங்கேயோ. மழை பிடிக்கும்வரை இருப்பதை வைத்துத்தான் மாநகராட்சி ஓட்ட வேண்டும். ஏரிகளில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று பேப்பரில் தினமும் போடுவார்கள். அம்மா ராசிபலனுக்கு முன்னால் அதைத்தான் பார்ப்பாள். இந்த மாதத்தில் ஒரு வேளைத் தண்ணீரை விடுவதை எங்கள் வீட்டில் யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

அன்றைக்கு ஐந்தரை மணிக்கு எங்கள் வீட்டில் ஒரு ஆள் இல்லை. கதவு திறந்து கிடந்தது. அடுப்பு அணைத்தோமா இல்லையா என்று யாருக்கும் நினைவில்லை.

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஆச்சியும் சின்னவளும் வந்து இறங்கியபோது சந்தே வாசலில் நின்றது. அம்மா கட்டிப் பிடித்து அழுதாள், நான் அழுதேன், பைக்கில் போன பையன்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆச்சி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சேலையை லேசாகத் தூக்கிக்கொண்டு, "ஏட்டி, தண்ணி பிடிச்சியா?" என்றாள்.

ஐம்பது வருஷத்துக்கு மேலாக இந்தச் சந்தில் குடியிருக்கிறவள். வெளியே போய்வந்தால் கால் கழுவாமல் படி ஏற மாட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. அம்மா உள்ளே ஓடினாள். போன வேகத்திலேயே, "இங்க வந்து பாருங்களேன்!" என்று ஒரு சத்தம்.

மோரியில் நீல டிரம் கழுத்துவரை நிறைந்திருந்தது. அதன் மூடி போன வருஷமே உடைந்துவிட்டதால் மேலே பிள்ளைகளின் கேரம் போர்டு. இரண்டு ஹண்டாவும் நிறைந்திருந்தன, குடமும் நிறைந்திருந்தது. அதோடு விடவில்லை. இட்லிக் கொப்பரையில் தண்ணீர், குக்கரில் தண்ணீர், சாம்பார் வாளியில் தண்ணீர், தூக்குச்சட்டியில் தண்ணீர். சின்னவளின் பூனை படம் போட்ட வாட்டர் பாட்டிலும் நிறைந்து மூடியிருந்தது. ஒவ்வொன்றின் மேலும் ஒரு தட்டு. தட்டு தீர்ந்த இடத்தில் காலண்டர் அட்டை. மும்பை மே மாதப் புழுக்கத்துக்கு மாவு எவ்வளவு சீக்கிரம் பொங்கும் என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு ஆட்டிவைத்த இட்லி மாவு பொங்கி வழிந்திருந்தது. அதற்குக் கீழே ஒரு பெரிய தாம்பாளம், வழிந்த மாவு ஒரு சொட்டு தரையில் இல்லை. வாசல்படி ஓரமாக ஒரு சொம்பு, அதிலும் தண்ணீர்.

நாங்கள் அழுதுகொண்டிருந்தோம். அந்த இட்லிக் கொப்பரையைப் பார்த்ததும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் எல்லோருக்கும் வந்தது. அத்தனை மணி நேரம் கழித்து அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

அந்தச் சொம்புத் தண்ணீரில் ஆச்சி கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

யார் பிடித்து வைத்தது என்று மறுநாள் காலையில்தான் தெரிந்தது. எதிர்வீட்டுச் சாச்சி சொன்னார். மாடியிலிருந்து அந்தத் தம்பி பார்த்திருக்கிறான். எல்லா வீட்டிலும் டியூப் மாட்டியாகிவிட்டது, எங்கள் குழாயில் மட்டும் மாட்டவில்லை. இறங்கி வந்து, சாச்சியிடம் சொல்லிவிட்டு, அவரையும் வாசலில் நிற்கவைத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறான். ஏழரைக்குத் தண்ணீர் நிற்கும்வரை பிடித்திருக்கிறான்.

நான் போய்க் கேட்டேன். மெஷினிலிருந்து எழுந்து நின்றுகொண்டு, ஏதோ விசாரணைக்கு வந்தவன்போலத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "ஆச்சி வந்தால் கால் கழுவத் தேடுவாங்களே, அதான் சொம்பை வெளியே வைத்தேன்." இந்தியில்தான் சொன்னான், ஆனால் ஆச்சி என்றுதான் சொன்னான். சந்தில் எல்லோரும் கூப்பிடுவதைக் கேட்டு அதுதான் அவள் பெயர் என்றே நினைத்திருக்கிறான்.

அவன் இங்கே வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்கள் வீட்டில் அந்த மாடியைப் பற்றிப் பேச்சு வந்ததெல்லாம் ராத்திரி மெஷின் சத்தத்துக்காகத்தான். ஆச்சி கால் கழுவுவதை அவன் மேலிருந்து தினமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான், அதை ஞாபகமும் வைத்திருந்திருக்கிறான்.

இன்னொன்றும் சாச்சி சொல்லித்தான் தெரியும். அந்தப் பட்டறைக்குத் தனிக் குழாய் கிடையாது. முனை வீட்டில் கேட்டு, அவர்கள் பிடித்து முடித்த பிறகுதான் இவர்கள் கேனில் பிடிப்பார்கள். அன்றைக்கு அந்த நேரத்தில் அவன் எங்கள் வீட்டில் இருந்ததால் அவர்கள் கேன் காலியாகவே இருந்திருக்கிறது. குடிக்க மட்டும் கடையில் ஜார் வாங்கிக்கொண்டு, பட்டறையில் யாரும் குளிக்காமல் படுத்திருக்கிறார்கள். இதை அவன் என்னிடம் சொல்லவே இல்லை.

தேடி ஓடிய ஒவ்வொருவரின் காலையும் தொட்டுக் கும்பிடுகிறேன். அவர்கள் ஓடியதால்தான் எனக்கு என் மகள் கிடைத்தாள். ஆனால் அன்று மாலை நாங்கள் அத்தனை பேரும், ஆச்சி கிடைப்பாளா மாட்டாளா என்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தோம். இந்தத் தம்பி ஒருவன்தான் அவள் வந்துவிடுவாள் என்று முடிவு செய்துகொண்டு, வந்ததும் அவளுக்கு என்ன வேண்டும் என்று யோசித்திருக்கிறான். இரண்டு நாளாக எனக்கு அதுதான் மனசில் ஓடுகிறது. ஒரு வீட்டில் ஏதாவது நடந்தால் நானும் ஓடிப் போகிறவள்தான், போய்க் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். இனிமேல் அந்த வீட்டு அடுப்படியையும் ஒரு நடை போய்ப் பார்ப்பேன்.

தம்பி, அம்மாவிடம் பேசிவிட்டேன். இன்றிலிருந்து எங்கள் டிரம் நிறைந்ததும் அடுத்து உங்கள் கேன்தான். முனை வீட்டில் போய் நிற்க வேண்டாம். டியூபை நேராக உங்கள் ஏணிப்படி வரைக்கும் இழுத்துக்கொள்ளலாம், நீளம் பற்றாது என்று சயானில் புது டியூப் வாங்கிவந்தாயிற்று. நான் ஊருக்குப் போனாலும் அம்மா பார்த்துக்கொள்வாள். மெஷின் சத்தத்தைப் பற்றி இனி எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள், ஆச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நீ ஊருக்குப் போகும்போது சொல்லாமல் போகாதே. உன் அம்மாவுக்கு ஆச்சி முறுக்கு சுட்டுத் தர வேண்டுமாம்.

இந்த லீவில் மற்றவர்கள் செய்ததையும் சொல்லாமல் முடிக்க மனசு வரவில்லை. தகரத்தின் மேல் காயப்போட்ட கூழ்வற்றலை, திடீர் மழையில் நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது சேலையோடு சுருட்டி எடுத்துவந்த பக்கத்து வீட்டு மதினிக்கு நன்றி. வற்றல் எல்லாம் ஒரே உருண்டையாகிவிட்டது என்று நீங்கள் வருத்தப்பட்டீர்கள் மதினி. அதைப் பிட்டுப் பிட்டு மறுபடி காயவைத்துவிட்டோம், பொரித்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ஏணியில் என் மூத்தவன் தலை இடித்துக்கொண்ட ஒவ்வொரு தடவையும் ஐஸ் கொடுத்த குல்ஃபிக்கார அண்ணனுக்கும் நன்றி. குர்லாவில் நாங்கள் வந்து இறங்கிய அன்று, பெட்டி உடைந்து நடைமேடை முழுக்க உருண்ட தேங்காய்களை ஓடி ஓடிப் பொறுக்கிக் கொடுத்த காலேஜ் பிள்ளைகள் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை ராத்திரி எங்களுக்குக் கோயம்புத்தூர் வண்டி. அதற்குள் ஒரு விஷயம். அன்றைய ஓட்டத்தில் எங்கள் வாசலில் யாரோ ஒரு ஜோடி நீல ஹவாய்ச் செருப்பு, ஒரு டார்ச், ஒரு ஹெல்மெட், சின்னப் பிள்ளையின் ஒற்றைச் சாக்ஸ் எல்லாம் விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். எடுத்து வைத்திருக்கிறோம். வந்து வாங்கிக்கொள்ளுங்கள், ஐந்தரைக்கு முன்னால் வந்தால் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போகலாம்.

இப்படிக்கு,
தாராவி ஆச்சியின் பேத்தி